ஒன்பது பேருடைய அளவு

ஜூன் 9, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்குத் திட்டாதே, வெளிச்சம் போதவில்லை. அம்மா அடுத்த அறையில் தூங்குகிறாள். போன் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதில் உனக்கு ஒரு வரி அனுப்பினாலும் காலையில் பார்த்துவிடுவாள். அதனால் சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு எதுவும் தெரியக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "அவ அங்க நிம்மதியா வேலை பாக்கட்டும். இங்க நடக்குறது ஒரு வார்த்தை அவ காதுக்குப் போச்சு, உன் காலை ஒடிச்சிடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். காலைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

போன வருடக் கடைசியில் உங்கள் கம்பெனி, அம்மா வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கு ஒன்பது இயந்திரச் சட்டைகளை அனுப்பியது அல்லவா? தோளில் பட்டை, இடுப்பில் மோட்டார், தொடையில் கம்பி என்று மாட்டிக்கொண்டால், குனிந்து நிமிரும்போது பின்னாலிருந்து தூக்கிவிடுமே, அதுதான். ஆஸ்பத்திரிப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு இழுத்துப் போடுகிற ஒன்பது பெண்களும் முதல் நாள் அதைத் தொடவே பயந்தார்களாம். அம்மாதான் எல்லோருக்கும் முன்னால் மாட்டிக்கொண்டாள். "என் பெரிய பொண்ணு வேலை பாக்குற கம்பெனி. அவ கை பட்டது இது. நம்பிப் போடுங்கடி" என்றாள். அந்த வார்த்தையை நம்பித்தான் மற்றவர்கள் போட்டார்கள்.

அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "முதுகுலயே ஒட்டிக்கிட்டு, குனிஞ்சா ஏன் குனியுறேங்குது, நின்னா ஏன் நிக்கிறேங்குது. வேற என்ன பேர் வைக்கிறது?" என்று ராகம் அத்தை சொல்வாள். எப்போதும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வாளே, அவள்தான். துணி ஏற்றிக்கொண்டு தானாக ஓடுகிற ரோபோ வண்டிக்கு மச்சான் என்று பெயர். கூப்பிட்டால் வராது, வேண்டாத நேரத்தில் வழியில் வந்து நிற்கும்.

முதல் மாதம் மாமியார் நல்லவளாகத்தான் இருந்தாள், அக்கா. அம்மா வேலை முடிந்து வந்ததும் சுருண்டு படுக்காமல் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்புறம் சட்டையின் உள்பக்கம், இடுப்பு எலும்பின் மேல் உட்காரும் தகடு எல்லோரையும் குத்த ஆரம்பித்தது. அம்மா சூப்பர்வைசரிடம் சொல்லமாட்டேன் என்றாள். சொன்னால் உன் பெயர் கெட்டுவிடுமாம். வேறு யாரையும் சொல்ல விடவும் இல்லை. சரி என்று நான் பழைய மெத்தையின் ஸ்பாஞ்சை வெட்டி, ஒரு சின்னத் திண்டு தைத்து, தகட்டின் மேல் கட்டிக் கொடுத்தேன். தகட்டின் நடுவில் பொத்தான் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதுதான் அதிகம் குத்துகிறது என்று நினைத்து அதை நன்றாக மூடினேன். மறுவாரம் மற்ற எட்டுப் பேரும் கேட்டார்கள். எட்டும் தைத்தேன். பெருமையாக இருந்தது.

போன வியாழக்கிழமை ராகம் அத்தை குனிந்து ஈர மூட்டையை இழுத்தபோது சட்டை ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று வெட்டித் தூக்கி, அவளை இயந்திரத்தின் விளிம்பில் மோதியது. வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. சூப்பர்வைசர் சட்டையைத் திருப்பிப் பார்த்து என் திண்டைப் பிய்த்து எடுத்தாராம். "இதைத் தைச்சது யாரு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறாராம்.

என் திண்டுதான் காரணமா? உனக்குத் தெரிந்திருக்கும். உண்மையைச் சொல். பதிலை என் தோழி வீட்டு முகவரிக்கு அனுப்பு, உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன்
நண்டு


ஜூன் 14, சனி

என் நண்டுக்குட்டிக்கு,

முதலில் ஃபிரிட்ஜ் கதவை மூடு. பால் கெட்டால் அந்தத் திட்டும் உனக்குத்தான் விழும்.

நான்கு மாதமாக ஒரு வரி எழுதாதவள், எழுதிய கடிதம் இப்படியா இருக்க வேண்டும்? நான் நலம். விடுதியில் என் அறைத்தோழி தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். ஒரு மாதம் பயந்தேன், இப்போது அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீ உண்மையைக் கேட்டாய், அதனால் மறைக்கவில்லை. அது பொத்தான் இல்லை. போட்டிருப்பவர் குனிகிறார் என்பதைச் சட்டை அதன் வழியாகத்தான் உணர்கிறது. நடுவில் ஸ்பாஞ்ச் இருந்தால் அதற்குத் தாமதமாகத் தெரியும். தாமதமானதை ஈடுகட்ட வேகமாகத் தூக்கும். அன்றைக்கு நடந்தது அதுதான். நீ தெரியாமல் செய்தது. ஆனாலும் தப்புதான்.

மிச்சத் திண்டுகளை எல்லாம் பிரித்து எரித்துவிடு. யார் கேட்டாலும் தெரியாது என்று சொல். அம்மாவையும் அப்படியே சொல்லச் சொல். கொஞ்ச நாளில் இது அடங்கிவிடும். தகடு குத்துவதும் பழகப் பழகச் சரியாகிவிடும் என்று இங்கே சொல்கிறார்கள்.

பயப்படாதே. பரீட்சைக்குப் படி.

அன்பு
அக்கா


ஜூன் 18, புதன்

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளி விட்டதும் ராகம் அத்தை வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டோடு உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னடி, எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கிற? உயிரோடதான் இருக்கேன், உள்ள வா" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பொத்தான் பொத்தானே இல்லை, மூடியது நான்தான், கையை உடைத்தது நான்தான் என்று. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"உன் திண்டு இல்லாட்டி நான் எப்பவோ படுத்திருப்பேன். அத விடு. திண்டு வைக்கிற அளவுக்கு ஏன்டி வந்துச்சு? அதைக் கேளு உங்க அக்காவ."

ஆகவே கேட்கிறேன்.

பழகப் பழகச் சரியாகும் என்று எழுதியிருக்கிறாய். எது பழகும்? எலும்பா? அம்மா இப்போதெல்லாம் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறாள். நேற்று அவள் அயர்ந்து தூங்கும்போது, வரைபடம் வரைய வாங்கிய டிரேஸ் பேப்பரை அவள் இடுப்பின் மேல் வைத்து, கன்றியிருந்த இடத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். அவள் முனகியபோதெல்லாம் என் உயிர் போய்விட்டு வந்தது. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கறுப்பாக நிரப்பியது தோல் கிழிந்த இடம்.

அந்தச் சட்டையை யாருக்கு அளவெடுத்துச் செய்தீர்கள், அக்கா? எங்கள் சலவைக்கூடத்துக்கு யாரும் அளவெடுக்க வரவே இல்லையே.

இன்னொரு செய்தி. தைத்தது தான்தான் என்று அம்மா சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். நம் அம்மா! என் சீருடையில் பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்தி அனுப்புகிறவள்! இருபத்தெட்டாம் தேதி விசாரணை. வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன்னை விட்டால் நம் வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திண்டுகளைப் பிரித்து எடுத்துவிட்டேன், ஆனால் எரிக்கவில்லை.

நண்டு


ஜூன் 22, ஞாயிறு

நண்டுக்கு,

நீ அனுப்பிய தாளை மேசை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பிறகு இடுப்புத் தகட்டின் வரைபடத்தை எடுத்து அதன் மேல் வைத்தேன். ஓரம் ஓரத்தோடு பொருந்தியது.

கேட்டாய், சொல்கிறேன். பதினான்கு பேருக்கு அளவெடுத்தோம். எல்லோரும் ஆண்கள், எங்கள் அலுவலகத்திலேயே வேலை செய்கிறவர்கள். கைப்பிடி வைத்த பெட்டியை நேராகக் குனிந்து நேராகத் தூக்கினார்கள். ஆளுக்குக் கால் மணி நேரம். அறையில் குளிர்சாதனம் இருந்தது. எதுவும் நனையவில்லை. ஈரப் போர்வைக்குக் கைப்பிடி கிடையாது, அது முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னேன். அடுத்த மாடலில் பார்க்கலாம் என்றார் எங்கள் மேலாளர். நான் மறுபடி சொல்லவில்லை. அதுதான் என் தப்பு.

இப்போது கேள். விசாரணையில் எங்கள் கம்பெனி சார்பில் பேசப் போவது நான். நேரில் இல்லை, போனில். "மெஷின் என்ன பதிஞ்சிருக்கோ அத மட்டும் படி. உங்க அம்மாங்கிறதால ஒரு வார்த்தை கூடப் பேசாதே" என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

நீ அங்கே போகாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். என்னால் முடிந்ததை நான் செய்கிறேன்.

அக்கா


ஜூன் 24, செவ்வாய்

அக்கா,

உன்னால் முடிந்தது எவ்வளவு என்று நீ எழுதவில்லை.

நான் போகிறேன். அம்மாவின் தாளை உனக்கு அனுப்பும் முன்பே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். மற்ற எட்டுப் பேருக்கும் வரைந்துவிட்டேன். அம்மாவோடு வேலை செய்கிற, எல்லாவற்றுக்கும் குறுக்கே பேசியே அந்தப் பெயர் வாங்கிய வக்கீல் அத்தை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் படுக்க வைத்து வரைந்தேன். "பென்சிலை மெதுவா வைடி, கூசுது" என்று ஒரே சிரிப்பு. சிரித்தவர்கள் எழுந்து உட்காரும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இருந்தாலும் போகிறேன். நீ படிக்க வேண்டியதை நீ படி. நான் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன்.

நண்டு


ஜூன் 28, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்கு உன் குரல் மட்டும் வந்தது. உன்னால் எங்களைப் பார்க்க முடியவில்லை. அதனால் அந்த அறையில் நடந்ததை எழுதுகிறேன்.

சலவைக்கூட மேனேஜர் மேசையில் போன். பக்கத்தில் என் திண்டு, ஒரு பிளாஸ்டிக் பைக்குள். நான் வெளியே கதவுக்குப் பின்னால் நின்றேன். "நீங்கதான் தைச்சீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். "ஆமா சார்" என்றாள் அம்மா. வக்கீல் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நீ படித்தாய். சட்டைக்கு அரை வினாடி தாமதமாகத் தெரிந்தது, தாமதத்துக்குக் காரணம் திண்டு. உன் குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. மேனேஜர் "போதும் மேடம். எல்லாரும் கேட்டீங்கல்ல? சட்டையில தப்பு இல்ல" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அக்கா, அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி. அதைப் பார்த்த பிறகு என்னால் வெளியே நிற்க முடியவில்லை.

உள்ளே போய், "தைச்சது நான் சார்" என்றேன்.

"யாரும்மா நீ? ஸ்கூலுக்குப் போகலையா?"

"இன்னிக்கு சனிக்கிழமை சார்."

ராகம் அத்தை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கும். நான் ஒன்பது தாள்களையும் மேசையில் பரப்பினேன். மேனேஜர் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, "என்ன இது, மேப்பா?" என்றார். "இல்ல சார், அது எங்க அம்மா இடுப்பு" என்றேன். கையில் சுட்டது போல அதைக் கீழே போட்டார். அப்புறம் போனைப் பார்த்து, "மேடம், இதெல்லாம் உங்க ரெக்கார்டுல இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று நீ சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் கேட்டார்.

அம்மா போனுக்குப் பக்கத்தில் குனிந்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து "வேணாம், வேணாம்" என்றாள். உனக்குத் தெரிந்திருக்காது.

"இல்ல சார். நாங்க கேக்கவே இல்ல, அதான் இல்ல" என்றாய் நீ. "பதினாலு ஆம்பளைங்களுக்கு அளவெடுத்துட்டு, நனைஞ்ச துணி ஒண்ணு கூட தூக்கிப் பாக்காம அனுப்பினோம். திண்டு அவங்க தப்பு இல்ல. அந்தத் தகடு..."

அதோடு லைன் போய்விட்டது.

"கட் ஆச்சா, கட் பண்ணிட்டாங்களா?" என்றாள் வக்கீல் அத்தை. அப்போதுதான் அம்மா நிமிர்ந்தாள். "சார், எங்களுக்கு மாமியார் வேணாம்னு நாங்க சொல்லல" என்றாள். மேனேஜர் யார் மாமியார் என்று சூப்பர்வைசரைப் பார்த்தார். "அது வந்ததுக்கப்புறம் என் முதுகுவலி போச்சு. நிஜம். அதுக்காக இடுப்பைக் குடுக்க முடியாது. எங்களுக்கு அளவெடுத்து செஞ்சு குடுங்க. அதுவரைக்கும் அது கொக்கியில தொங்கட்டும்."

ராகம் அத்தையுடையது போக மிச்ச எட்டுச் சட்டைகளும் அங்கேயே கொக்கிக்குப் போய்விட்டன. இரண்டிரண்டு பேராகக் கையால் இழுக்கிறார்கள். போர்வைகள் மலையாகக் குவிந்து, மச்சான் நடுவில் போக வழியில்லாமல் நிற்கிறான். அம்மாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். முடிவு இன்னும் சொல்லவில்லை.

மேனேஜர் தாள்களைத் திருப்பித் தரவில்லை. பரவாயில்லை, காயம் எங்களிடம்தானே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம், "அவ சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடி" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. தட்டை வைக்கும் சத்தத்தில்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள். உனக்கு என்ன ஆகுமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது, அக்கா. ஆனால் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அவளிடமும் இல்லை, உன்னிடமும் இல்லை.

நண்டு


ஜூலை 2, புதன்

என் நண்டுக்கு,

யார் உன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னது?

லைனைத் துண்டித்தது மேலாளரின் விரல். அன்று மாலையே என் மேசைக்கு ஒரு தாள் வந்தது. குடும்பப் பாசத்தில் உணர்ச்சிவசப்பட்டு உண்மைக்கு மாறாகப் பேசிவிட்டேன் என்று நானே எழுதிய மாதிரி அவர்களே அடித்து வைத்திருக்கிறார்கள். பதினோராம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் என்ன என்று அதில் இல்லை, அவர் வாயால் சொன்னார்.

நான் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடு. ஒளிக்காதே. அம்மா, நீ என் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒன்பது பேர் வாயையும் அடைத்துவிட்டாய். யாராவது ஒருத்தி குத்திய முதல் நாளே கத்தியிருந்தால் நான் அந்தத் தகட்டை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். உன் மேல் கோபம் இல்லை. நான் பார்த்தும் பேசாமல் இருந்தேன், நீ வலித்தும் பேசாமல் இருந்தாய். நமக்குள் அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி செய்ய வேண்டியது இது. மறுபடி ஒன்பது தாள் வரையுங்கள். என்ன மாற்ற வேண்டும் என்பதை எல்லோரும் சொல்லி, எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்கு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இங்கே வரும் தபாலையெல்லாம் மேலாளர்தான் முதலில் பிரிப்பார். ஆனால் பதிவேட்டில் எண் விழுந்த பிறகு வரவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பதினோராம் தேதிக்கு முன் வர வேண்டும்.

அன்பு
அக்கா


ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இது ஞாயிறு பகல் பதினொரு மணி. நம் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நான் பிடித்த வரையில் எழுதுகிறேன்.

முந்தாநாள் உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு தானாகவே குப்புறப் படுத்து, "சரியா வரை. போன தடவ நான் தூங்குறப்பத் திருட்டுத்தனமா வரைஞ்ச" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். மேனேஜருக்கும் விளக்கம் எழுதிவிட்டாள்: "தைத்தது என் சின்ன மகள். தைக்கச் சொன்னது வலி. முன்பு நான் சொன்னது பொய்." வக்கீல் அத்தை இன்னும் நாலு பக்கம் சேர்க்கலாம் என்றாள். அம்மா சம்மதிக்கவில்லை.

இனி அவர்கள் சொல்வது.

தகடு எலும்பின் மேல் உட்காரக் கூடாது, அதற்கு மேலே சதையில் உட்கார வேண்டும். எங்கே என்று தாளில் ஒவ்வொருத்திக்கும் பெருக்கல் குறி போட்டிருக்கிறோம். ஒன்பதும் ஒன்பது இடம். ஒரே அளவில் செய்து அனுப்பாதீர்கள்.

நாங்கள் நேராக நின்று பெட்டி தூக்குகிறவர்கள் இல்லை. திரும்பி இழுக்கிறவர்கள். திரும்பும்போது அது சும்மா இருக்க வேண்டும்.

ராகம் அத்தை சொல்கிறாள்: "ஒத்தைக் கையால கழட்டுற மாதிரி இருக்கணும்னு எழுது. அன்னிக்கு என்னை அதுலேருந்து உரிச்சு எடுக்க நாலு பேர் ஆச்சு. கை உடைஞ்சது கூட பரவால்ல, அவ்வளவு பேர் முன்னாடி மாமியார் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

நனைந்த துணியை எட்டு மணி நேரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் சரி என்று சொல்வோம். போட்டுப் பார்க்கிறதும் நாங்கள்தான், முடிவு சொல்கிறதும் நாங்கள்தான். வக்கீல் அத்தை இந்த வரிக்கு அடியில் கோடு போடச் சொன்னாள். அவளே பேனாவைப் பிடுங்கி இரண்டு கோடு போட்டுவிட்டாள்.

கடைசியாக அம்மா சொல்கிறாள், அப்படியே எழுதுகிறேன்: "அளவெடுக்க நீயே வா. கம்பெனி அனுப்பினா கம்பெனிக்காரியா வா. அனுப்பலேன்னா என் பொண்ணா வா. எப்படி வந்தாலும் ஒன்பது பேருக்கும் அளவெடுக்காம உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன்."

கீழே ஒன்பது கையெழுத்து. ராகம் அத்தையுடையது இடது கைக் கையெழுத்து, அதனால் பக்கத்தில் கட்டைவிரல் ரேகையும் வைத்திருக்கிறாள். பத்தாவது என்னுடையது.

நண்டு

இதை முதலில் பிரிக்கும் ஐயாவுக்கு: நீங்கள் பிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் அனுப்புகிறோம். முழுவதும் படியுங்கள். படித்து, எண் போட்டு, எங்கள் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். தாள்களைச் சுருட்டித்தான் வைத்திருக்கிறோம். தயவுசெய்து மடிக்காதீர்கள். மடித்தால் அளவு மாறிவிடும்.